ஒரே கிளிப்பில் பெட்ரோல் குழாயும் பேட்டரி ஒயரும்

அந்த வெள்ளிக்கிழமை ஷெட்டில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

அர்பாப் இருந்தார். ஷார்ஜாவில் நான் வேலை பார்த்த கராஜின் முதலாளி. அங்கே முதலாளியை அர்பாப் என்றுதான் கூப்பிடுவோம். வண்டி அவருடையது.

அர்பாபின் தம்பி இருந்தார். வீடியோ எடுக்க வந்திருந்தார்.

வெல்டர் கான் இருந்தார். பெஷாவர்க்காரர். வாய் ஓயாது.

சிவநேசன் இருந்தான். யாழ்ப்பாணம். ஏசி மெக்கானிக்.

நான் இருந்தேன். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தேன். அந்தக் கராஜில் பதினாலு வருடம். வேலை நடக்கிற இடத்துக்கு இஸ்திரிச் சட்டையோடு போனது அன்று ஒரு நாள்தான்.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எஞ்சின் இறக்குவது, கியர் பெட்டி பிரிப்பது எல்லாம் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். நான் போனது ஆறாவது வரை. எனக்குத் தெரிந்ததில் உங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைக்காதது இது ஒன்றுதான். அதனால் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் என்று நினைவு. அர்பாபுக்கு ஒரு ஆசை வந்தது. கடையில் வாங்காத வண்டி வேண்டும், தன் வீட்டிலேயே செய்த வண்டி வேண்டும் என்றார். இங்கிலாந்திலிருந்து மூன்று மரப்பெட்டி வந்தது. உள்ளே வண்டி இல்லை. இரும்புச் சட்டம், பைபர் பாடி, சக்கரம், சின்னச் சின்னப் பொட்டலங்கள், கூடவே தலையணை அளவுக்கு ஒரு புத்தகம். இரண்டு பேர் உட்காரும் வண்டி. மேலே கூரை கிடையாது. எஞ்சின் நாம்தான் போட வேண்டும்.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட். கராஜில் டூட்டி முடிந்ததும் பின்னேரங்களிலும் வெள்ளிக்கிழமைகளிலும் அங்கே போவோம். அடிபட்ட ஜப்பான் கார் ஒன்றிலிருந்து எஞ்சின் எடுத்து, முழுதாகப் பிரித்துக் கோர்த்து, அந்தச் சட்டத்தில் உட்கார வைத்தது நான். அதற்கு ஏழு வாரம் ஆனது. முதல் தடவை சாவி போட்டதும் பிடித்துக்கொண்டது. அர்பாப் தலையை ஆட்டினார். அவ்வளவுதான்.

சிவநேசன் வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். கராஜில் வண்டிகளுக்கு ஏசி போடுவது அவன் வேலை. இங்கிலீஷ் படிப்பான். அந்தத் தலையணைப் புத்தகத்தை அவன்தான் அர்பாபுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னான். நான் நின்றுகொண்டிருப்பேன்.

தொழிலாளர் கேம்பில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே ரூம். மேல் கட்டில் அவனுக்கு, கீழ் கட்டில் எனக்கு. சமையல் முறை வைத்திருந்தோம். அவன் முறை வருகிற நாளில் பக்கத்து ரூம்காரன்கூடத் தட்டோடு வந்து நிற்பான். நண்டுக் குழம்பு வைத்தான் ஒருநாள். நான் மூன்று தடவை சோறு வாங்கினேன். கை கழுவும்போது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

பெட்ரோல் குழாய்க்கு வருகிறேன்.

பெட்டியில் வந்தது பிளாஸ்டிக் குழாய். அர்பாபுக்குப் பிடிக்கவில்லை. இந்த ஊர் வெயிலுக்கு இது தாங்காது என்றார். உடனே சிவநேசன், செம்புக் குழாய் போடலாம், நான் வளைத்துத் தருகிறேன் என்றான். ஏசிக்காரனுக்குச் செம்பு வளைப்பது விரல் சொடுக்குவது மாதிரி. உள்ளே ஸ்பிரிங் விட்டு முழங்காலில் வைத்து வளைப்பான். நெளியாது, நசுங்காது. பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து முன்னால் எஞ்சின் வரைக்கும் ஒரே நீளக் குழாய், நடுவில் ஒட்டு இல்லை. இரண்டு நாளில் முடித்துவிட்டான்.

அர்பாப் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்து அவன் தோளைத் தட்டி, "உஸ்தாத்" என்றார்.

உஸ்தாத் என்றால் கைதேர்ந்தவன். நம் ஊரில் ஆசாரியை, மேஸ்திரியை மரியாதையாகக் கூப்பிடுகிற மாதிரி. பதினாலு வருடத்தில் என்னை அவர் ஒருமுறையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. என் பெயர் கருப்பையா. அதுவும் அவர் வாயில் நுழையாது. "ஏ, மிஸ்திரி" என்பார். அங்கே மிஸ்திரி என்றால் வெறும் மெக்கானிக்.

அந்த வாரம் அர்பாபைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தொழுதுவிட்டுப் போகிற மாதிரி அந்த வண்டிக்கு அடியில் குனிந்துவிட்டுப் போனார்கள். குழாயைப் பார்க்கத்தான். எஞ்சினை ஒருவரும் கேட்கவில்லை. கான் அதைக் கவனித்துவிட்டார். என்னை அவர் சாச்சா என்பார், சித்தப்பா என்கிற மாதிரி.

"சாச்சா, உன் எஞ்சினுக்கும் கொஞ்சம் செம்பு பூசிவிடேன். யாராவது பார்ப்பார்கள்" என்றார்.

நான் சிரித்தேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டின் போல்டுகளை இறுக்குவதற்காக அடியில் படுத்தேன். இரண்டு சீட்டுக்கும் நடுவில் நீளமாக ஒரு கூடு இருக்கும். டனல் என்போம். ஷாஃப்ட் அதற்குள்தான் சுற்றும். சிவநேசனின் குழாயும் அதற்குள்தான் போயிருந்தது. போல்டை இறுக்கிவிட்டு, டார்ச்சைக் குழாய் நெடுகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், குறை கிடைக்குமா என்று தேடித்தான் பார்த்தேன்.

கிடைத்தது.

அந்த வண்டிக்குப் பேட்டரி பின்னால். எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டார் முன்னால். நடுவில் கட்டை விரல் தடிமனில் ஒரு ஒயர் ஓடும். அந்த ஒயரையும் அவன் குழாயோடு சேர்த்து ஒரே கிளிப்பில் இறுக்கியிருந்தான். இரும்புக் கிளிப். டனலின் முழு நீளத்துக்கும் அப்படியே.

அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று பார்த்த உடனே எனக்குப் புரிந்தது. கராஜுக்கு வரும் முன் அவன் பார்த்தது வீட்டு ஏசி வேலை. சுவரில் ஏசி மாட்டுகிறவனைப் பாருங்கள். செம்புக் குழாய், தண்ணீர் போகிற குழாய், கரண்டு ஒயர் எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டிச் சுவரில் ஏற்றுவான். அதுதான் அவர்களுக்கு நல்ல வேலை. தனித்தனியாக விட்டால் ஃபோர்மேன் திட்டுவான். இருபது வயதிலிருந்து அவன் கை அப்படிப் பழகிய கை. ஏசிக் குழாயில் கேஸ் போகும், சுவர் ஆடாது. இங்கே பெட்ரோல் போகும். வண்டி ஆடும். ஒயர் தோல் தேயும். தேய்ந்து செம்பில் பட்டால் பேட்டரியின் மொத்தக் கரண்டும் அந்த ஒரு புள்ளியில் இறங்கும். குழாயில் ஓட்டை விழும். மேலே இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

ஷார்ஜாவுக்கு வரும் முன் குவைத்தில் இருந்தேன். அங்கே ஒரு பிக்கப் இப்படித்தான் எரிந்தது. டிரைவர் குதித்துவிட்டான். எங்கள் ஃபோர்மேன் உருகின ஒயரை எடுத்து எங்கள் எல்லோர் கையிலும் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். "பெட்ரோல் ஒரு பக்கம், கரண்டு ஒரு பக்கம். ரெண்டுக்கும் நடுவுல உன் கை முழுசா நுழையணும். நுழையலேன்னா வேலை முடியலேன்னு அர்த்தம்" என்றார். நல்ல மனுஷன். அடிக்கவும் செய்வார்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழி இல்லை. டனலுக்குள் மூன்றாவது கிளிப்பில் என் விரலை விட்டுப் பார்த்தேன். குழாய்க்கும் ஒயருக்கும் நடுவில் நகம் நுழையவில்லை.

வெளியே வந்தேன். அர்பாப் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிவநேசன் பக்கத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

"கலாஸ்?" என்று கேட்டார் அர்பாப். முடிந்ததா என்று.

"கலாஸ்" என்றேன்.

அந்த இடத்தில் சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். சொல்லவில்லை. நானாகச் சொன்னால் அவன், ஓம் அண்ணை என்று மாற்றிவிடுவான். அர்பாப் அவனை அப்போதும் உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவார். வண்டி ஓடும்போது பெட்ரோல் சொட்டட்டும், எல்லோர் முன்னாலும் வண்டி நிற்கட்டும், அப்போது என்னைக் கூப்பிடுவார்கள், நான் போய்க் காட்டுகிறேன் என்று நினைத்தேன். சொட்டுவதை மட்டும் நினைத்தேன். குவைத்துப் பிக்கப்பை நினைக்கவில்லை. நினைவு வந்தபோதெல்லாம் வேறு வேலை பார்த்தேன்.

புதன்கிழமை அவனே என்னிடம் வந்தான்.

"அண்ணை, நீங்கள் அனுபவசாலி. நான் கார் பெட்ரோல் லைன் போடுறது இதுதான் முதல் தரம். ஒருக்காப் பாருங்கோவன். பிழை ஏதும் இருந்தால் சொல்லுங்கோ."

"பாத்தேன். நல்லாத்தான் இருக்கு."

"வடிவாப் பாத்தனீங்களோ?"

"அதான் சொல்றேன்ல."

"நன்றி அண்ணை" என்றான். எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தான். குடித்தேன்.

அதற்குப் பிறகு தினமும் எஞ்சினை ஓட விட்டு டியூனிங் பார்த்தோம். செல்ஃப் அடிக்கும்போதெல்லாம் எஞ்சின் ஒரு உதறு உதறும். அந்த ஒயரும் உதறும். எனக்கு மட்டும்தான் அது கேட்டது. ரூமுக்குப் போனால் அவன் மேல் கட்டிலில் இருந்து பேசிக்கொண்டே இருப்பான். வண்டி ஓடிவிட்டால் தன்னை ஏசியிலிருந்து எஞ்சின் பக்கமே மாற்றிவிடுவதாக அர்பாப் சொன்னார், நீங்கள் எஞ்சின் வேலை பழக்கித் தாருங்கோ என்பான். என் இடத்தைத்தான் கேட்கிறான் என்று எனக்குத் தோன்றும். தூங்கிவிட்ட மாதிரி படுத்திருப்பேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முதல் ஓட்டம் என்று அர்பாப் சொல்லிவிட்டார். வீட்டுக்குப் பின்னால் பெரிய மணல் மைதானம். அதை ஒரு சுற்று. அவர் ஓட்டுவார். பக்கத்து சீட்டில் ஒருவர்.

அந்த ஒருவர் யார் என்று அவர் சொல்லவில்லை. எஞ்சின் கட்டினவனைத்தான் உட்கார வைப்பார் என்று நான் நினைத்தேன். அந்தச் சட்டை அதற்குத்தான். குழாய் அப்படி இருக்கிறது என்று தெரிந்தும் அந்த சீட்டில் உட்கார ஆசைப்பட்டேன். அவ்வளவு புத்தி கெட்டிருந்தது.

ஜும்மா தொழுகை நேரம் முடிந்து எல்லோரும் வந்தோம். அர்பாப் ஏறி உட்கார்ந்தார். எஞ்சினை ஓட விட்டார். பக்கத்து சீட்டைத் தட்டினார்.

"உஸ்தாத், வா" என்றார்.

நான் ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன். சிவநேசன் என்னைத் தாண்டிப் போய் ஏறினான்.

கான் பார்த்துவிட்டார். மீசைக்குள் சிரித்தார்.

அர்பாபின் தம்பி கேமராவைத் தூக்கினார். சிவநேசன் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தான். டனல் அவன் இடது தொடையை ஒட்டி இருந்தது. அவன் கையை அதன் மேல் வைத்துக்கொண்டான். சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் வைத்த கைக்கு நேர் கீழே மூன்றாவது கிளிப்.

அப்போதுதான் பிக்கப் நினைவு வந்தது. இந்தத் தடவை தள்ள முடியவில்லை.

முதலில் பொய் சொன்னேன். தெரிந்தும் சொல்லாமல் இருந்தது வெளியே வராமல் வண்டியை நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன்.

"அர்பாப், பெட்ரோல் வாசனை வருது" என்றேன் இந்தியில்.

எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். ஒரு வாசனையும் இல்லை.

"மாஃபி" என்றார் அர்பாப். இல்லை என்று. "யல்லா, தள்ளிப் போ."

"இல்லை அர்பாப், வருது. எஞ்சினை நிறுத்துங்க."

கான் வாயைத் திறந்துவிட்டார். "அது பெட்ரோல் வாசனை இல்லை அர்பாப். சாச்சா வயிறு எரிகிற வாசனை. இஸ்திரிச் சட்டையைப் பாருங்கள்."

அர்பாபின் தம்பி கேமரா ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். அர்பாபும் சிரித்தார். "மிஸ்திரி, நீ அடுத்த சுற்று" என்றார். சிவநேசன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணை, நீங்கள் இருங்கோ, நான் இறங்கிறன்" என்று பெல்ட்டில் கை வைத்தான். அர்பாப் அவன் கையைத் தட்டிவிட்டு கியர் போட்டார்.

இந்த இடத்தைத்தான் நீங்கள் நன்றாகப் பார்க்க வேண்டும். என் மனதில் இருந்தது அந்த ஷெட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் மறைத்ததாக நினைத்தது நான் மட்டும்தான். பொறாமைக்காரன் என்று பெயர் வாங்கிவிட்டால், நீங்கள் நெருப்பு என்று கத்தினாலும் பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். பொதுவாகச் சொல்லி இனி ஒரு பயனும் இல்லை. இடத்தைக் குறித்துச் சொன்னால்தான் நம்புவார்கள். இடத்தைக் குறித்துச் சொன்னால், அது எப்படி உனக்குத் தெரியும் என்று கேட்பார்கள்.

வண்டி ஒரு முழம் நகர்ந்தது. நான் முன்னால் போய் நின்றேன். பம்பர் என் முழங்காலில் முட்டி நின்றது. அர்பாப் ஹாரன் அடித்தார். அவர் முகம் மாறிவிட்டது.

நான் அர்பாபைப் பார்க்கவில்லை. சிவநேசனைப் பார்த்துத் தமிழில் சொன்னேன்.

"சிவா. டனல்ல மூணாவது கிளிப். பெட்ரோல் லைனும் பேட்டரி ஒயரும் ஒண்ணாக் கெடக்கு. இறங்கு."

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். முதலாளி ஓட்டுகிற வண்டியின் சாவியைப் பக்கத்தில் இருப்பவன் திருப்பியதை நான் அன்றுதான் பார்த்தேன். இறங்கி, பேட்டரியைக் கழற்றினான். டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் போனான். நேரம் ஆனது. ஸ்குரூ டிரைவர் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவன் கையில் அந்தக் கிளிப் இருந்தது.

அர்பாப் தானே குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கிளிப்பின் ஓரம் ஒயர் தோலை அறுத்திருந்தது. உள்ளே கம்பி ஒரு நூல் அளவுக்கு மின்னியது. அதற்கு நேர் எதிரே குழாயில் அமுங்கின ஒரு கோடு. இன்னும் எவ்வளவு தூரம் ஓடினால் பட்டிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு சுற்றாக இருக்கலாம். ஒரு மாதமாக இருக்கலாம்.

"இது யார் வேலை?" என்றார் அர்பாப்.

"என் பிழை" என்றான் சிவநேசன். அண்ணைதான் பார்த்து நல்லாயிருக்கு என்றார் என்று என்னைக் காட்டி அவன் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை.

அர்பாப் எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். "உனக்கு நல்ல கண். உஸ்தாத்" என்றார்.

கான் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கணக்குத் தெரியும். ஓடுகிற வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு டனலுக்குள் இருக்கிற மூன்றாவது கிளிப்பை எவனாலும் பார்க்க முடியாது.

மறுநாள் டூட்டி முடிந்து நானும் சிவநேசனும் மட்டும் ஷெட்டுக்குப் போனோம். குழாயை முழுதாகக் கழற்றினோம். இப்போது நான் சொல்லிக்கொடுத்தேன், அவன் செய்தான். குழாயை டனலில் விடவே வேண்டாம். ஷாஃப்ட் உடைந்தால் சாட்டை மாதிரி சுழலும், குழாயைத்தான் முதலில் அறுக்கும். சட்டத்தின் வெளிப்பக்கம், சைலன்சர் இல்லாத பக்கமாக, இரும்புக்கு உள்வாட்டில் ஒளிந்து போகட்டும். ஒரு சாணுக்கு ஒரு கிளிப், ஒவ்வொன்றிலும் உள்ளே ரப்பர். தகடைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம். எஞ்சின் ஆடும், சட்டம் ஆடாது, அதனால் கடைசி ஒரு முழம் பெட்ரோலுக்கென்றே விற்கிற ஹோஸ். தண்ணீர் ஹோஸ் போட்டால் உள்ளே ஊறிப் பிய்ந்துவிடும். பேட்டரி ஒயர் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவில் கை நுழைய வேண்டும். நுழைத்துக் காட்டச் சொன்னேன். காட்டினான்.

உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு குழாயைப் பார்க்கும்போது அது எவ்வளவு அழகாக வளைந்திருக்கிறது என்று பார்க்காதீர்கள். அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடுத்தவன் வேலையில் குறை தேடுங்கள், தேடுவது தப்பில்லை. எந்த எண்ணத்தில் தேடினாலும் கண்ணுக்குப் படுவது ஒன்றுதான். கண்டால் அந்த நிமிடமே சொல்லிவிடுங்கள். மறுநாள் சொல்லலாம் என்று வைத்தால், ஏன் நேற்றே சொல்லவில்லை என்ற கேள்வியும் சேர்ந்துவிடும். அதற்கடுத்த நாள் அது இன்னும் பெரிதாகும். பிறகு வாயைத் திறக்க முடியாது.

புதுக் குழாய் பழையதைவிட நன்றாக இருந்தது. சட்டத்தை ஒட்டி ஒரு நரம்பு மாதிரி போனது. அதைப் பார்த்தபோதும் எனக்கு வயிறு எரிந்தது. அது அன்றைக்குப் போய்விட்டது என்று எழுதினால் பொய்.

கடைசி கிளிப் இறுக்க அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். நான் வெளியே உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் கால் மட்டும் தெரிந்தது. ஸ்குரூ டிரைவர் சத்தம் நின்றது.

"அண்ணை."

"ம்."

"எப்ப கண்டனீங்கள்?"

டார்ச்சை நகர்த்தாமல் பிடித்தேன்.

"ஷாஃப்ட் போல்டு இறுக்குன அன்னைக்கு. திங்கக்கெழம."

"இந்தத் திங்களோ?"

"அதுக்கு முந்தின திங்கள்."

அடியிலிருந்து அவன் குரல் வந்தது. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப புதன் நான் வந்து கேக்கேக்க, தெரியும்."

"தெரியும்."

"திங்கள் பின்னேரம் தானே கண்டனீங்கள். அந்த நாளை விடுவம்" என்றான். "செவ்வாயில இருந்து எண்ணுவம்."

எண்ணினான். ஒவ்வொரு நாளின் பெயரையும் சொல்லி, அவசரப்படாமல் எண்ணினான். முதல் ஓட்டம் நடந்த வெள்ளிக்கிழமை வந்ததும் நிறுத்தினான்.

பதினொன்று.